மட்டமான படுக்கை

யூட்டா பாலைவனத்தில் எங்கே வேனை நிறுத்தினாலும் என் கணவர் வெண்டலுக்குச் சாப்பாடெல்லாம் அப்புறம்தான். முதலில் வேனுக்குள் இருக்கும் படுக்கை சாயாமல் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்று இடது பக்கம் தாழ்ந்திருந்தது. பின்கதவில் மாட்டியிருந்த ஜாக்கியைக் கழற்றி, அடியில் பலகை போட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, வியர்க்க வியர்க்க வேனைத் தூக்கினார். படுக்கை மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழ் நட்டநடுவில் வந்து நின்றது.

நான் தலையணையோடு ஏறப் போனேன்.

"ஏய், இறங்கு! ஜாக்கியில நிக்கிற வண்டிக்குள்ள யாரும் ஏறக் கூடாது, தெரியாதா?"

"அப்புறம் எதுக்குய்யா தூக்குன?"

"படுக்கை மட்டமா இருக்கணும்ல!"

தள்ளிப் போய்ச் சரிவான பாறையில் படுத்தோம். வெண்டல் உருண்டு உருண்டு என் மேலேயே விழுந்தார். வேனுக்குள் படுக்கை மட்டும் ஒரு பக்கமும் சாயாமல் சுகமாகக் கிடந்தது.