உறை கழற்றாத கத்திகள்

காலை ஐந்தேகாலுக்கு ஸ்காபரோ ஐஸ் அரங்கில் பாதி விளக்குகள்தான் எரியும். மிச்சப் பாதி, ஏழு மணிக்கு ஆண்கள் அணி வரும்போது. அந்த அரை வெளிச்சத்தில் பெண்கள் கோட்டிலிருந்து கோட்டுக்குப் பாய்ந்து, நின்று, திரும்பிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். நிற்கும்போது சப்பாத்தின் அடியிலுள்ள கத்தி ஐஸைச் செதுக்கும் சத்தம் தேங்காய் துருவுவதுபோல் கேட்கும். கவச உடுப்புக்குள் வியர்வை ஊற்றும். மூக்கு நுனி மட்டும் மரத்துக் கிடக்கும். எட்டரைக்குத் தனுஷிகா மார்க்கம் நகரில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் தலைவாரி உட்கார்ந்திருக்க வேண்டும். இருபத்தேழு வயதில், ஐந்தாவது பருவமாக, அவளுடைய தொழில்முறை ஐஸ் ஹொக்கி இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

'தொழில்முறை' என்ற சொல்லை அணியின் முதலாளி சிவபாதம் வாய் நிறையச் சொல்லுவார். வீடு வாங்கி விற்றுப் பெரிய ஆளானவர். பெண்கள் அணி நடத்துகிறாராம் என்று தமிழர் விழாக்களில் அவருக்கு மாலை விழும். பெண்களின் சம்பளமோ போன வருடத்தைவிட இறங்கிவிட்டது. அதைவிடக் கொடிது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி: விளையாட முடியாதவளுக்குச் சம்பளம் இல்லை, மூன்று வாரம் தாண்டினால் இடமும் இல்லை.

அந்த வரிக்குப் பயந்து பெண்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பருவத் தொடக்கத்தில் எல்லோருக்கும் கணினியில் மூளைப் பரீட்சை உண்டு. சொற்களை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும், நிறம் மாறியதும் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையைத் திரும்ப வைப்பார்கள். பழைய புள்ளிக்குக் கீழே போகாவிட்டால் விளையாடலாம். ஆகவே முதல் தடவை வேண்டுமென்றே பிழைவிட வேண்டும். அடிபட்ட தலையும் பிறகு அந்தப் புள்ளியை எடுத்துவிடும். பழையவர்கள் புதியவர்களுக்கு இதைக் காதோடு சொல்லிக் கொடுப்பது வழக்கம். செப்ரெம்பரில் ஜூலிக்குச் சொல்லிக் கொடுத்தவள் தனுஷிகா.

ஜூலி மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை. இருபத்தொரு வயது. அணியிலேயே வேகமான கால்கள் அவளுடையவை. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவள் தலை ஐஸைச் சுற்றி நிற்கும் பக்கப் பலகையில் மோதியது. வியாழக்கிழமை பரீட்சையில் தேறிவிட்டாள். நீங்கள் சொன்னது சரியாக வேலை செய்தது அக்கா என்று அவள் சிரித்தபோது தனுஷிகாவும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வரும்.

வெள்ளிக்கிழமை ஜூலி பிந்தி வந்தாள். விடியாத நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வந்து ஐஸில் காலை வைத்தவள் வைத்த வேகத்தில் இடுப்படிபட விழுந்தாள்.

கத்தியின் பிளாஸ்ரிக் உறையை அவள் கழற்றவில்லை. நடைபாதையில் கத்தி மழுங்காமல் இருக்கப் போடுகிற உறை அது. அதோடு ஐஸில் நிற்கவே முடியாது. நாலைந்து வயதில் ஒருமுறை விட்டு, எல்லோரும் சிரிக்க அழுது, பிறகு ஆயுளுக்கும் விடாத பிழை. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். ஜூலி எழும்பி, அதே உறையோடு, மறுபடியும் காலை வைத்தாள். தனுஷிகா கையிலிருந்த தடியைப் போட்டாள். ஓடிப்போய் அவளைத் தாங்கி உடுப்பு அறைக்குக் கொண்டுபோனாள்.

"லைற் கண்ணுக்குள்ள குத்துது அக்கா. நேற்று பஸ்ஸில எங்க இறங்கிறதெண்டே மறந்துபோனன்," என்றாள் ஜூலி. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. போஸ்ரர் முழுக்க என்ர முகம்தானே."

உண்மைதான். சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தமிழ்க் கடைகளின் கண்ணாடியிலெல்லாம் ஜூலிதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்ல, அரை மணியில் சிவபாதம் கோப்பியும் கையுமாக வந்துவிட்டார். தனுஷிகாவை மட்டும் நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

"அவள் ரெஸ்ற் பாஸ். பேப்பர் என்ர கையில இருக்கு."

"அந்த ரெஸ்ற் பொய், அங்கிள்."

"எனக்குத் தெரியாதே?" அவர் கோப்பியை ஊதினார். "செப்ரெம்பர்ல நீங்கள் செய்யிற விளையாட்டு எனக்கு எப்பவோ தெரியும். உது உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. நாளைக்கு நானூறு தமிழ்ச் சனம் அவளைப் பாக்க வருகுது. கொஞ்ச நேரம் ஐஸில விட்டால் காணும். நீ மற்றப் பெட்டையளைச் சமாளிச்சு வை. வாற வருசம் நீதான் கப்டன்."

"திரும்ப அடிபட்டால்?"

"ஹொக்கியெண்டால் அடிபடுறதுதானே பிள்ளை. இது எங்கட ஆக்களுக்குள்ள இருக்கட்டும். தமிழ் தெரியாதவளவைக்குச் சொல்லாதை."

கப்டன். ஐந்து வருடமாக அவள் காத்திருந்த சொல். அது காதில் விழுந்ததும் மனம் ஒரு கணம் இனிக்கத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

உடுப்பு அறைக்குள் போனவள் அங்கே கூடியிருந்த எல்லோருக்கும் அவர் தமிழில் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். கப்டன் பதவியையும் மறைக்கவில்லை. ஐந்து பருவமும் தான் பரீட்சையில் பொய் எழுதியதையும், ஜூலிக்குப் படிப்பித்தது தானே என்பதையும் சொன்னாள். தனுஷிகாவை அணியிலிருந்து வெளியே அனுப்ப முதலாளிக்கு அதுவே போதும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

 எட்டு வருடமாகக் கோல்கீப்பராக நிற்கும் மெகன் தன் பெரிய கையுறையை உயர்த்தினாள். நானும்தான் என்றாள். பக்கத்தில் இருந்தவள் உயர்த்தினாள். பிறகு வரிசையாகக் கைகள். வேலை அனுமதியில் செக் நாட்டிலிருந்து வந்திருந்த பெண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணி போனால் அவளுக்கு இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

சிவபாதம் கதவைத் திறந்தபோது கை உயர்த்திய எல்லோரும் எழுந்து நின்றார்கள். தனுஷிகாதான் பேசினாள்.

"நாங்கள் எல்லாரும் திரும்ப ரெஸ்ற் எழுதப்போறம், இந்தமுறை ஒழுங்கா. உங்கட சம்பளம் வாங்காத டொக்டர் ஒராள் பாக்கோணும். அடிபட்டவளுக்குச் சுகம் வருமட்டும் சம்பளம் நிக்கக்கூடாது. இதெல்லாம் எழுத்தில வருமட்டும் ஒருத்தரும் ஐஸில இறங்கமாட்டம்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும்தான்."

"வேற பெட்டையளை எடுக்க எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியே?"

"எடுங்கோ அங்கிள். நாங்கள் வாசல்ல நிண்டு அவையளுக்கும் ஒண்டு விடாமல் சொல்லுவம்."

அவர் வழக்கறிஞரை அழைத்தபடி வெளியே போனார். ஒன்றும் முடிந்துவிடவில்லை. திங்கட்கிழமை எத்தனை பேருக்குக் கடிதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. தனுஷிகா பல் வைத்தியருக்கு அழைத்து இன்று வரமாட்டேன் என்றாள். ஜூலியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மெகன் கார்த் திறப்பை எடுத்தாள்.

எழும்புமுன் ஜூலி குனிந்து, அப்போதுதான் நினைவு வந்தவளாய், உறையைக் கழற்றப் போனாள்.

"இருக்கட்டும், கழற்றாதை," என்ற தனுஷிகா தன் உறைகளை எடுத்துக் கத்திகளில் மாட்டினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. மற்றவர்களும் குனிந்தார்கள். மெகன் ஜூலியின் சப்பாத்தை அவிழ்த்து, அவளைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப்போனாள். உறை மாட்டிய கால்களோடு மற்றவர்கள் வெளியே நடந்து, ஐஸின் விளிம்பில் இருந்த நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஏழு மணி. முழு விளக்குகளும் எரிந்தன. வாங்கின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சற்றுப் பொறுத்து அந்த செக் பெண் வந்து, அங்கே உட்கார்ந்து, குனிந்தாள். கடைசி 'டக்' அவளுடையது.