கைப்பை நாள்

யாமினி தன் பெட்டிச் சாவியை என் மேசைமேல் வைத்தாள். பதினொரு வயது. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"இது எனக்கு வேணாம் சார்."

"ஏம்மா?"

"யார் வேணா திறக்கறாங்க. அப்புறம் எதுக்குச் சாவி?"

2002 ஜூலை, வெள்ளிக்கிழமை. பொம்மனஹள்ளியில் இருந்த எங்கள் பெண் குழந்தைகள் இல்லத்துக்கு மறுநாள் ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. அறைகளைச் சுத்தம் செய்யும்படி எல்லம்மாவிடம் சொன்னவன் நான்தான். அவர் வேலைக்கு வந்து மூன்று வாரமான ஆயா. ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவிக் கொத்தை எடுத்து, குழந்தைகளின் பெட்டிகளையும் திறந்து துடைத்திருக்கிறார். யாமினியின் பெட்டியில் பழைய ரயில் டிக்கெட்டுகள் கிடந்தன. குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டார்.

யாமினியின் அம்மா மாரிக்குப்பத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வருவாள். வந்த டிக்கெட்டை மகளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். கெட்டி அட்டையில் அச்சடித்த சின்ன டிக்கெட். ஒன்றரை வருடமாக அம்மா வரவில்லை.

"பூச்சி வருமேன்னு போட்டுட்டேன் சார்," என்றார் எல்லம்மா. "நல்லதுக்குத்தானே செஞ்சேன். அந்தப் பொண்ணு என் முகத்தையே பாக்க மாட்டேங்குது."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவருக்குக் கைப்பை நாள் நடத்தாமல் விட்டதும் நான்தான்.

அது என் மனைவி பியாட்ரிஸ் கண்டுபிடித்தது. இல்லத்தில் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் அவள், நான் அலுவலகம். புது ஆயா வந்த முதல் நாள், அவருடைய கைப்பையை வாங்கி ஒரு குழந்தையிடம் கொடுத்துவிடுவாள். சாயங்காலம் வரை சீப்போ வெற்றிலையோ, எதுவானாலும் அந்தக் குழந்தையிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

தொண்ணூற்றேழில் பிரிஜெட் என்று ஒருவர் சேர்ந்தார். ஒரு ஊக்கு கேட்டார். பையை வைத்திருந்த எட்டு வயதுக்காரி ஆயாக்கள் மாதிரியே இடுப்பில் கை வைத்தாள்.

"காலைலதானே ஒண்ணு குடுத்தேன்? தொலைச்சிட்டீங்களா? போய் லைன்ல நில்லுங்க."

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. பியாட்ரிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு மணிக்கு பிரிஜெட் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். பியாட்ரிஸ் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஒரு நாளுக்கே இப்படி இருக்குல்லக்கா?" என்றாள் அவரிடம்.

பாடம் அவ்வளவுதான்.

"நீயும் உன் பையைக் குடு சேகர்" என்பாள் ஒவ்வொரு முறையும்.

"நான் ஆயா இல்லையே."

"பயந்தாங்கொள்ளி."

அதற்கு முந்தைய நவம்பரில் பியாட்ரிஸுக்கு மூளைக்காய்ச்சல். ஆறு நாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் என் அக்கா வந்து பியாட்ரிஸின் அலமாரியைக் காலி செய்தாள். என் நல்லதுக்குத்தான். அலுவலகத்தில் இருந்ததால் பியாட்ரிஸின் பழுப்புக் கைப்பை மட்டும் தப்பியது. தினமும் அதை வீட்டுக்கு எடுத்துப் போவேன், கொண்டு வருவேன். திறந்ததில்லை.

சனிக்கிழமை காலை எல்லம்மாவின் பையை வாங்கி யாமினியிடம் கொடுத்தேன். விதியைச் சொன்னேன். அவள் எல்லம்மாவைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

"உங்க பை சார்?"

என் மேசைக்குப் போனேன். பிறகு பழுப்புப் பையைக் கொடுத்தேன்.

ஆய்வுக்குழு வந்தது. பெட்டிகளைப் பார்த்தார்கள், சாவிகளைக் கேட்டார்கள். ஒரு சாவி என் மேசையில் இருக்கும் காரணத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் முன்னாலேயே எல்லம்மா மூன்று முறை யாமினியிடம் போய் நின்றார். கடைசி முறை வெற்றிலைக்கு.

"இப்பத்தானே போட்டீங்க?" என்றாள் யாமினி. ஆனாலும் கொடுத்தாள்.

மதியம் என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் வேணாமா சார்?"

"ஒரு சீப்பு."

ஜிப்பில் கை வைத்தவள் நிறுத்தினாள்.

"திறக்கட்டுமா?"

தலையசைத்தேன்.

சீப்பின் பல்லில் இரண்டு நீள முடி சிக்கியிருந்தது. யாமினி அதை எடுத்துப் போடவில்லை. அப்படியே நீட்டினாள்.

சாயங்காலம் எல்லம்மா தன் பையை வாங்கியதும் அதைத் திறந்து பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "டிக்கெட்டை உன்னைக் கேட்டிருக்கணும் கண்ணு" என்றார்.  யாமினி என் மேசைப் பக்கம் வந்தாள்.

"மாத்துச் சாவி யார்கிட்ட இருக்கு சார்?"

கொத்திலிருந்து அவளுடையதைக் கழற்றினேன். இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன்.