பால் நிறக் கூரை

ஹாலில் கூட்டம் தாங்காமல், கண்ணாடிப் பெட்டியை நாலு பேர் மூச்சுப் பிடித்து முன்பக்க வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓவியாவின் கண் பெட்டிக்குள் இருந்த அப்பாவின் மேல் நிற்கவில்லை. வராந்தாவில் கிடந்த அவர் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் தொடங்கி, சுவரோரமாகவே போய்க் கழிவறைக் கதவில் முடிந்த நைலான் கயிற்றின் மேல் நின்றது.

முடிச்சூர் வீட்டுக்கு முன்னால் இந்த வராந்தா முளைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மூன்று பக்கமும் இரும்புச் சட்டம் அடித்துக் கொசுவலை, மேலே பால் நிறத்தில் பாலிகார்பனேட் ஷீட். வெல்டிங்காரர் வெயிலுக்கு இதம் என்று பச்சை ஷீட்டைக் காட்டினாராம். அப்பாதான் வெள்ளை வேண்டும், அதையும் தாழ்வாகப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். எல்லாம் அண்ணன் தினகரன் போனில் சொன்னது. வேலை முடிந்த அதே வாரம் அப்பாவின் கட்டிலும் ஹாலை விட்டு இங்கே வந்துவிட்டது. பெற்றவரை வெளியே தள்ள ஒரு கூண்டு, அதற்கு அவர் பேரிலேயே ஓர் ஆசை. புனேயில் இருந்தபடியே ஓவியா இந்த முடிவுக்கு வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முந்தின இரவு தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான் அண்ணன். அதையும் அவள் முழுசாக நம்பவில்லை. சந்தேகத்துக்குத் தீனி போட அப்பாவின் தங்கை சரோஜினி அத்தை பக்கத்திலேயே இருந்தாள்.

"எங்கண்ணன வூட்டுக்குள்ள படுக்க வெக்கலடி," என்று காதோடு சொன்னாள். "இன்னாத்துக்கு இந்தக் கயிறு? கேளு."

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தே பல மாதம் ஆகிவிட்டது. திரை முழுக்க, அங்கங்கே அழுக்குப் படிந்த இந்தக் கூரைதான். "தெரியுதாம்மா?" என்பார். "ஒண்ணும் தெரியலப்பா, போன அண்ணன்கிட்ட குடுங்க" என்பாள். அவர் இளைத்துப் போனதை மறைக்க அண்ணன்தான் போனைத் திருப்புகிறான் என்று எண்ணி, ஆறு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். என்றாவது நாலு பேர் முன்னால் காட்ட வேண்டி வரும் என்று.

பாடைக்கு மூங்கில் வந்து இறங்கியது. இப்போது கேட்காவிட்டால் பிறகு நேரமில்லை. ஓவியா எழுந்தாள்.

"அப்பாவ எதுக்குண்ணா வெளிய போட்டே? இந்தக் கயிறு எதுக்கு?"

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்து, புருஷனைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். தினகரன் மூங்கிலைத் தாண்டி அவளருகே வந்தான்.

"அவருக்குக் கண்ணு போயிடுச்சு, ஓவியா. நரம்பே போச்சு, ஆபரேஷன் பண்ணாலும் வராதுன்னுட்டாங்க. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஹால்ல அதுவும் தெரியாது. கயிறு அவரே கட்டினது, புடிச்சுகினு நடக்க. சொன்னா நீ வேலைய வுட்டுட்டு வந்துடுவேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஓவியா கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவரின் இரட்டை முடிச்சு. பள்ளிக்கூட நாட்களில் அவள் சைக்கிளில் பையை வைத்துக் கட்டிக்கொடுத்ததும் இதே முடிச்சுதான். அண்ணனை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

தலைக்கு மேல் டக் டக் என்று சத்தம். ஷீட்டின் மேல் ஒரு காக்கை இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தது; வெள்ளை ஷீட்டில் அதன் நிழல் கூடவே நகர்ந்தது. தினமும் அண்ணி ஒரு பிடி சோறு வீசுவாளாம். இன்று வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை.

"அது வந்தாத்தான் உனக்கு போன் போடச் சொல்வாரு மாமா," என்றாள் அண்ணி.

ஓவியா போனை எடுத்தாள். முதல் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அழுக்கு என்று நினைத்திருந்த இடத்தில் மங்கலாக ஒரு வால், அதன் கீழே இரண்டு கால்கள். அடுத்த படத்தைத் தள்ளினாள். அதிலும் இருந்தது. ஆறிலும் இருந்தது.