பிரசங்க மொழி

கப்பல் நாலு மணிக்குப் புறப்பட இருந்தது. அதற்கு முன் மாலுமி தவிதா தன் வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டும். வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் பேனையை இடது கையில் கொடுத்திருந்தார்கள்.

வாக்குமூலம் ஒரு பக்கம். கப்பலைக் கட்டும் கயிறு அறுந்து கையில் அடித்தபோது நிற்கக்கூடாத இடத்தில் நின்றேன், யாரும் என்னை அங்கே நிற்கச் சொல்லவில்லை, பிழை என்னுடையது. அதன் கீழ் அவன் கையொப்பம் விழுந்தால் இனி எந்தக் கப்பலும் அவனை எடுக்காது. ஐம்பத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது.

கடைசி வரி சாட்சிக்கு உரியது: 'வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டார்.' அங்கே ஜெயரூபி கையொப்பமிட வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல் முகவர் அலுவலகத்தில் பதினொரு வருடமாக இதைச் செய்துவருகிறாள்.

மொழிபெயர்ப்பாளர் ஆக்லாந்திலிருந்து தொலைபேசியில் பேசினார். சமோவாக்காரர். வாக்குமூலத்தைத் தன் மொழியில் சொல்லி ஒன்பது கேள்விகள் கேட்டார். ஒன்பதுக்கும் தவிதா தலையைக் குனிந்து ஆமென்றான். கப்டன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஜெயரூபி பேனையைத் திறக்கவில்லை.

தவிதா சமோவாக்காரன் அல்லன். தொகெலாவு என்ற மூன்று பவளத் தீவுகளில் ஒன்றில் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் அவள் பார்க்கப் போன இரண்டு நாளும் யன்னலால் கடலைக் காட்டிச் சொற்கள் சொன்னான். ஓடம், வக்கா. மீன், இக்கா. சமோவா மொழி தெரியுமா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். கண்ணை மூடி, கட்டுப் போடாத கையை நெஞ்சில் வைத்தான்.

"சேர்ச்," என்றான்.

அவன் தீவுக்குப் போதகரும் வேதாகமமும் சமோவாவிலிருந்தே வந்தன. அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தவன், பேசி வளரவில்லை. அவனுடைய வக்கா தொலைபேசியில் சமோவா மொழியில் வஅ என்று வந்தது, நடு எழுத்துத் தொண்டையோடு நின்றுவிட்டது. அது சின்ன வித்தியாசம். ஜெயரூபி கவனித்தது அவன் இருந்த விதத்தை. கால்களைச் சேர்த்து, பார்வையைத் தாழ்த்தி, கதிரையின் நுனியில். அவன் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தான். பிரசங்கத்தின் நடுவில் எவரும் 'இல்லை' என்று சொல்வதில்லை.

அவளுடைய அண்ணன் யோகலிங்கத்தை வெளிநாட்டில் அகதி விசாரணை செய்தபோது மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர். செய்தி வாசிப்பதுபோல் பேசினாராம். பாதி விளங்கவில்லை. படித்த மனிதரைத் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்று அண்ணன் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். நாற்பத்திரண்டு ஓம். வழக்கு அதோடு முடிந்தது.

அவள் முகாமையாளர் ஸஹாப்தீனிடம் திரும்பினாள்.

"சேர், இதில நான் சைன் வைக்க ஏலாது. இவருக்கு விளங்கேல்ல."

"ரெண்டு நாளில அவங்கட பாஷையப் பிடிச்சிட்டீங்களோ? உங்கட ஊர் சாம்பல்தீவில ஒரு டியூசன் போடுவமா?"

"போடுவம் சேர். அதுக்கு முதல் ஒரே ஒரு கேள்வி கேக்க விடுங்கோ."

கயிறு அறுந்தது இந்த அறையிலா என்று கேட்கும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாள். அவர் தயங்கினார். கேட்டார்.

தவிதா தலையைக் குனிந்து ஆமென்றான்.

கப்டன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகு மொழிபெயர்ப்பாளர், முந்திய ஒன்பது பதிலுக்கும் தான் பொறுப்பேற்க முடியாது, அவன் தீவு ஆளைத் தேடுங்கள் என்றார்.

தவிதாவின் தங்கை வெலிங்டனில் இருந்தாள். இலக்கம் அவன் கைபேசியில் இருந்தது. அவள் குரல் வந்ததும் தவிதா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு நிமிடம் பேசினான், அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். வாக்குமூலத்தின் பின்பக்கத்தில் இடது கையால் கப்பல் தளத்தைக் கீறினான்: கயிறு, தான், அங்கே நில் என்று கட்டளையிட்ட அதிகாரி. அங்கே நிற்க யாரும் சொல்லவில்லையா என்று தங்கை கேட்டபோது மறுத்துத் தலையாட்டி, அந்த அதிகாரியின் மேல் பேனையால் இரண்டு தடவை குத்தினான்.

சொந்தத் தங்கை சொல்வதை ஏற்க முடியாது என்றார் கப்டன். ஸஹாப்தீன் அதை ஒத்துக்கொண்டார். வேறொரு தொகெலாவுக்காரர் கிடைக்கும்வரை இந்தத் தாளும் செல்லாது என்றார்.

நாலு மணிக்குக் கப்பல் போனது. தாள் போகவில்லை. தவிதாவும் போகவில்லை.

மறுநாள் காலை அவன் தீவில் முன்பு பள்ளிக்கூடம் நடத்திய பெண்ணொருத்தி தொலைபேசியில் வந்தாள். சமோவாக்காரர் தேடித் தந்தவள். புதிய வாக்குமூலத்தை அவள் வாசிக்க, தவிதா இரண்டு இடத்தில் மறித்துத் திருத்தினான்.

ஜெயரூபி கடைசி வரியை வாசித்தாள். பேனையைத் திறந்தாள்.