தீ மிதிப்பவருக்கு எட்டாம் நம்பர் பூட்ஸ்

முதலாளி தனசேகரன் என்னை மில்லுக்குப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கியதற்குக் காரணம் ஒன்றுதான். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்த நேரத்தில் ஆபீசில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் எழில்மதிதான் பார்க்கிறாள் என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அதுவரை நான் பார்த்ததெல்லாம் சாக்கும் சணலும்தான்.

கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிறது எங்கள் ரைஸ் மில். நெல் அவிக்கிற பாய்லருக்கு உமிதான் தீனி. அந்த உமிச் சாம்பல் சரியான கள்ளச் சாம்பல். மேலே வெளுத்துப்போய்ச் சாதுவாகக் கிடக்கும், உள்ளே நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். தை மாதம் சாம்பல் அள்ளப் போன சின்னராசு, ஆறிவிட்டதென்று அதில் காலை வைத்தார். கணுக்கால் வரை வெந்துபோய் இன்னும் கட்டிலில் கிடக்கிறார். அதனால்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். மாதக் கடைசிக்குள் சாம்பல் அள்ளுகிற ஆறு பேர் காலிலும் தகுந்த பூட்ஸ் இல்லையென்றால் பாய்லரை நிறுத்திவிடுவேன் என்று எழுதிவைத்துப் போனார்.

முதலாளி கம்மி விலையில் ரப்பர் கம்பூட்ஸ் வாங்கச் சொன்னார், வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள் போடுவது. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கம்பூட்ஸைக் கொண்டுபோய் அவர் கண்ணெதிரே சாம்பலில் நிறுத்தினேன். அது கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அப்பளம் போல நெளிந்து உட்கார்ந்தது.

"உள்ள கால் இருந்தா இன்னா ஆயிருக்கும் சார்?" என்று கேட்டேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டே நல்லதாக வாங்கச் சொன்னார். கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ், கொதிக்கும் தரையில் உருகாத அடி, அவசரத்தில் உதறிவிட லேஸ் இல்லாத வாய் என்று பார்த்துப் பார்த்து வரவழைத்தேன். ஐந்து பேர் போட்டுப் பார்த்து, கண்ணாடி தேடினார்கள். ஆறாவது ஆள் பிச்சைமுத்து, தொடவே மாட்டேன் என்றார்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் தீமிதியில் பத்து வருஷமாக முதல் ஆளாக இறங்குகிறவர். அவர் கால் பட்ட பிறகுதான் மற்றவர்கள் குழியில் இறங்குவார்கள். அந்தக் காலுக்குச் சாம்பல் ஒரு பொருட்டா என்று கேட்டார். தவிர, வருகிற ஞாயிறு காப்புக் கட்டப்போகிறார், கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை செருப்பே கூடாது. அம்மனுக்கு இந்த மில்லில் வேலை கிடையாது, எனக்கு இருக்கிறது என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார், எனக்கும் சேர்த்து. கடைசியில் அளவு எழுதுவதற்காக மட்டும் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார்.

எட்டாம் நம்பரை மாட்டிக்கொண்டு நெல் காயும் களத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். அந்நேரம் நான் பீரோ சாவியைக் காணாமல் மில்லில் உள்ள அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மெத்தையாட்டம் கீதும்மா" என்று சொல்லி இடது கால் பூட்ஸைக் கழற்றினார். ணங் என்று சாவி கீழே விழுந்தது.

மேஜையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று அதைப் பூட்ஸுக்குள் போட்டுவைத்த மகராசி நானேதான். விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். சாவியைக் கையில் எடுத்தபோதுதான் அதன் பல்லில் ரத்தம் தெரிந்தது. அவர் கால் கட்டைவிரலுக்குக் கீழே சாவி குத்திய குழியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஏன் சிரிப்பை நிறுத்தினேன் என்று தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அன்றே பஸ் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொட்டால் சொல்லுங்கள் என்றார் நர்ஸம்மா. ஒரு நைலான் இழையால் இரண்டு பாதத்தையும் குத்தி முடித்தார். இவர் கண்ணை மூடியபடி, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது. பாதத்தில் உணர்ச்சி செத்துப் பல வருஷம் ஆகியிருக்கும், இனி வீட்டுக்குள்கூட வெறுங்கால் கூடாது, ஒரு காயம் முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில், கல்வராயன் மலை ஜன்னலில் தெரிய ஆரம்பித்தபோது அவர் சொன்னார்.

"முன்னெல்லாம் சுடும்மா. உயிர் போற மாதிரி சுடும். பல்லக் கடிச்சிக்கினு நடப்பேன். நாலு வருசமா சுடல. அம்மன் ஏத்துக்கினாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பொடியாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காப்புக் கட்டவில்லை. திங்கள் காலை வந்து கையெழுத்துப் போட்டு எட்டாம் நம்பரை வாங்கிப்போனார். ஊர் சும்மா இருக்குமா? ஏன் கட்டவில்லை என்று கேட்டது. பூட்ஸ் போடாவிட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று எழில்மதி மிரட்டினாள், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன், என்ன செய்ய என்று சொல்லிவிட்டார் மனுஷன். இது எனக்குத் தெரியவந்தது பஸ் ஸ்டாண்டில். அம்மன் ஆளுக்கே பூட்ஸ் மாட்டினவள் இவள்தான் என்று என் காதுபடவே பேசினார்கள். பூக்காரம்மா எனக்கு முழம் போட மறுத்துவிட்டாள்.

வரிந்துகட்டிக்கொண்டு பாய்லருக்குப் போனேன். பிச்சைமுத்து புதுப் பூட்ஸோடு சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"வேற இன்னா சொல்றதும்மா?" என்றார்.

கொண்டுபோன சண்டையை அப்படியே திருப்பி எடுத்துவந்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் மீண்டுவிடும். ஆனால் பத்து வருஷம் நெருப்பில் நடந்த மனுஷனை, அது பக்தியில்லை வியாதி என்று ஊர் சொல்ல விட எனக்கு மனசு வரவில்லை. பூ வைக்காமல் போனால் செத்தா போய்விடுவேன்?

தீமிதி அன்று நானும் போனேன், யார் முறைத்தால் எனக்கென்ன. கூட்டத்துக்கு வெளியே, சாலை ஓரமாகப் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தார் பிச்சைமுத்து. போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இந்த முறை முதலில் இறங்கியது ஊர்ப் பையன் செல்லமுத்து. கோவிந்தா சத்தம் வானத்தைப் பிளந்தது. பாதிக் குழி தாண்டுவதற்குள் அவன் முகம் கோணிக்கொண்டது, அடுத்த நாலு எட்டையும் ஓட்டமாக ஓடி, நெருப்பு முடிகிற இடத்தில் கால் ஆற்றுவதற்கு வைத்த பால் குழியில் போய் விழுந்தான்.

பிச்சைமுத்து கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடுது அவனுக்கு" என்றார். "குடுத்து வச்சவன்."