சீட்டில் எழுதிய ஊர்

1

இந்தக் கதை ஒரு சீட்டிலிருந்து வந்தது. தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். பென்சிலால் மூன்று வரிகள்: ஜெனிவால்டோ. லாஜெடோ. ஜூன் 14.

எழுதியவன் நான். ஐம்பத்தேழு வயதில், சர்ச் கொட்டகையில் நடந்த மாலை வகுப்பில் முதன்முதலாகக் கற்றுக்கொண்டதும் இந்த மூன்றைத்தான்: என் பேர், என் ஊர், அன்றைய தேதி. அவை இப்போது அச்சேறிவிட்டன. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கத்தை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

"கூயா குன்றில் பனி விலகிய காலையில், எட்டுக்கால் அரசி ஒருத்தி—"

(இல்லை. பனியும் இல்லை, அரசியும் இல்லை. மழையில் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கிடந்தது.)

"சாவு என் பூட்ஸ் நுனியில் நின்று கைகளை உயர்த்தி—"

(கைகள் அல்ல, கால்கள். இந்தச் சாதிச் சிலந்தி வலை பின்னாது, அலைந்து வேட்டையாடும். சீண்டினால் முன்னங்கால் நான்கையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்.)

நடந்ததையே எழுதுகிறேன். கூயா குன்றில், பெருமரங்களின் நிழலில், கொக்கோக் காய் உடைத்துக்கொண்டிருந்தோம். உடைத்த காய்களின் பழைய தோட்டுக் குவியலைக் காலால் தள்ளினேன். அது நிமிர்ந்து நின்றது. அடிவயிறு முழுக்கக் கறுப்பு, அதில் செங்கல் நிறத்தில் இரண்டு வரிசைப் புள்ளிகள். முப்பத்தைந்து வருடமாக இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறேன், வேறெங்கும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"மிதி, கொம்பாத்ரே!" என்று கத்தினான் எராஸ்மோ. என் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன் அவன்; அந்த உறவைத்தான் கொம்பாத்ரே என்போம். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி ஏன் நிக்கிற?"

நான் மிதிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சிலந்தி ஆராயும் டாக்டரம்மா லிஜியா எங்களிடம் ஸ்பிரிட் ஊற்றிய சீசாக்களும் சீட்டுகளும் கொடுத்திருந்தார். "புதுசா எது தென்பட்டாலும் இதுல போடுங்கண்ணே. சீட்டுல பேரு, ஊரு, தேதி எழுதி உள்ளயே விட்டுடுங்க. பென்சில்லதான் எழுதணும், மை கரைஞ்சுடும்."

சிலந்தியைச் சீசாவுக்குள் தள்ளி, சீட்டும் எழுதிப் போட்டேன். எராஸ்மோ கைநாட்டுக்காரன். எட்டிப் பார்த்து, "அடேயப்பா, பெரிய வக்கீலு!" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

3

(இதை அடிக்குறிப்பாகப் போடத்தான் நினைத்தேன். பக்கத்தின் அடியில் இடம் இல்லை.)

ஆஸ்பத்திரியில் பேர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். தோட்டத்து கேட்டிலும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் ஊர் என்றால் என் ஊரைத்தான் கேட்டிருக்கிறார்கள். சிலந்திக்கு ஊர் எதுவென்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை.

4

அதன்பின் லிஜியா லாஜெடோவுக்கு வந்து நான்கு நாள் என் வீட்டைச் சுற்றியிருந்த கல்லையெல்லாம் புரட்டினார்; ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். எங்கள் ஊர் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அச்சான தாள்களோடு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து எங்கள் பேச்சிலேயே வாசித்துச் சொன்னார். காலின் நீளம், கண்களின் வரிசை, மர்ம உறுப்பைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம்.

"என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு உத்துப் பாத்ததில்ல," என்றான் எராஸ்மோ.

"அதை வச்சுத்தான் இது புது இனம்னு சொல்ல முடியும்ணே," என்று சிரித்தார் லிஜியா. "கேளுங்க. உலகத்துலயே ஒரே ஒரு இடத்துலதான் கிடைச்சிருக்கு. லாஜெடோ. அதனால பேரு லாஜெடென்சிஸ். உங்க ஊருதாண்ணே!"

நான் படியிலிருந்து எழுந்தேன்.

"டாக்டரம்மா, அதை இங்க பிடிக்கலையே."

"என்னது?"

"கூயா குன்றுல பிடிச்சது. தோட்டுக் குவியல்ல."

"சீட்டுல லாஜெடோன்னு எழுதியிருந்ததே!"

"நீங்க ஊரு கேட்டீங்க. என் ஊரு அதுதானே?"

அவர் தாள்களை மடியில் கவிழ்த்துவிட்டார். லிஜியாவின் முகத்தை எப்படி எழுதுவது? "வெளிறிய—" "இடி விழுந்த—" (எதுவும் சரியாக வரவில்லை. ஒருவரை அடித்துவிட்டு எதிரில் நிற்பது போல் இருந்தது எனக்கு.)

"அண்ணே," என்றார் மெதுவாக. "தைலமரம் வைக்கிறதுக்காகக் கூயாவை வெட்ட உத்தரவு ஆயிடுச்சு. அங்க மட்டும் வாழுற உயிர் ஏதாவது இருக்கான்னு என்கிட்டதான் கேட்டாங்க. இல்லன்னு கையெழுத்துப் போட்டதே நான்தான்."

"வேற பேரு வச்சுடுங்களேன்," என்றேன்.

"அச்சாகிட்டா பேரை மாத்த முடியாது. தப்புன்னாலும் அதுதான் நிலைக்கும். அதுதான் சட்டம். இடத்தை மட்டும் திருத்தலாம், ஆனா வாய்வார்த்தை செல்லாது. குன்றுலேருந்து இன்னொண்ணு வேணும். நான் கண்ணால பாக்கணும். அப்பதான் வெட்டை நிறுத்தச் சொல்ல முடியும்."

5

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

"குவியலைப் புரட்டினேன். அது நான்கு கால்களையும் தூக்கிக்கொண்டு, இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல்—"

"குவியலைப் புரட்டினேன். அழுகிய தோடு, எறும்பு, வேறு ஒன்றும்—"

இரண்டையும் அடித்துவிட்டேன். மருந்தடித்த தோட்டத்தில் மூச்சு முட்டுகிறது என்று மேஸ்திரியிடம் எத்தனை வருடம் வாயால் சொன்னேன்! ஒருவரும் நம்பவில்லை. பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதினேன், உலகம் நம்பிவிட்டது, ஒரு குன்றும் போகப்போகிறது. இனி கண்ணால் பார்க்காததை, கதை என்ற பேரில்கூட எழுத மாட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. கூயா குன்றில் அதே குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து எழுதுகிறேன். மறுசரிவில் ரம்பம் ஓடுகிறது. ஒவ்வொரு மரம் விழும்போதும் உட்கார்ந்திருக்கும் கல் அதிர்கிறது. லிஜியா சீசாவைத் திறந்து வைத்திருக்கிறார். எராஸ்மோ கையில் கம்பு.

"எழுதிட்டியா கொம்பாத்ரே? இல்ல அதுவே வந்து கையெழுத்துப் போடணுமா?"

குவியலை இன்னும் யாரும் தொடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. லிஜியா ஒரு வெற்றுச் சீட்டை நீட்டுகிறார்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பென்சில். சீட்டுக்கு அது வேண்டும்.