காசிக்கு நேரே ஒரு காலிக் கட்டம்

இன்னும் எழுபத்தோரு மணி நேரம் இருந்தது. கனடாவிலிருந்து வந்த கடிதத்தில் கெடு ஏழு நாள். அதில் நான்கு நாளைத் தென்றல் மற்ற கட்டங்களை நிரப்பியே கழித்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம். அதுவும் அவளுடையது அல்ல, அவள் அண்ணன் காசியுடையது.

கணவன் செழியன் அங்கே வேலையில் இருக்கிறான். கல்யாணமான கையோடு மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டான். போட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதால், குடும்ப விவரங்களை இன்றைய நிலவரப்படி மறுபடி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னால் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது என்பதையும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா பெயர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் எமனை ஏமாற்ற வைத்த பெயர். அம்மா காலமாகிவிட்டாள். அண்ணன் காசி, வயது, ஊர், தொழில் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்தது திருமண நிலை. அம்புக்குறியைத் தொட்டால் மணமாகாதவர், மணமானவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்து பெற்றவர் என்று கொத்தாக இறங்கி வந்தது. போன தடவை மணமானவர் என்று போட்டிருந்தாள். போட்ட அன்றைக்கு அது உண்மை.

காசியின் மனைவி கீர்த்தனா, செழியனின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே மேடை, ஒரே முகூர்த்தம், இரண்டு தாலி. தென்றலுக்குக் கீர்த்தனா அண்ணி, கீர்த்தனாவுக்குத் தென்றல் அண்ணி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் "அண்ணி" என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்தக் கீர்த்தனா எட்டு மாதமாக வேங்கிக்காலில், அம்மா வீட்டில், அதாவது தென்றலின் புகுந்த வீட்டில், அவள் அறையிலேயே படுத்துக்கொள்கிறாள். அரசாங்கப் பரீட்சைக்குக் கோச்சிங், இங்கிருந்து போனால் பக்கம் என்றுதான் வந்தாள். பரீட்சை வந்தது, போனது. கோச்சிங் மட்டும் முடியவில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, மாமியார் எழிலரசி, "பௌர்ணமி வியாபாரம்மா, மூச்சு விட நேரமில்ல அவனுக்கு" என்றாள். தீபாவளி அமாவாசையில் வருகிறது என்பது திருவண்ணாமலையில் தெரியாதவர் உண்டா? பக்கத்து வீட்டுக்காரி நல்லவள். "ஆமாமா, கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனை மூடி மறைப்பதற்குக் காரணம் இருந்தது. அடி அண்ணாமலையில் தென்றல் பிறந்த தெருவிலேயே பச்சையம்மாள் என்று ஒருத்தி. அவளுடையதும் இதே மாதிரி சம்பந்தம். அவள் அண்ணன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். போன ஒரு வாரத்தில் பச்சையம்மாளின் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போய், புருஷனோடு ஒரு குறையுமில்லாமல் இருந்த மகளை அழைத்து வந்துவிட்டார். உங்கள் பெண் வந்தால் எங்கள் பெண் வரும், அவ்வளவுதான் கணக்கு. பச்சையம்மாள் இன்னும் அந்தத் தெருவில்தான் பூக்கட்டுகிறாள். கல்யாண மேடையில் மண்ணாங்கட்டியும் சிரித்துக்கொண்டே எழிலரசியிடம் சொன்னார்: "எங்க வெளக்கு உங்க வீட்ல, உங்க வெளக்கு எங்க வீட்ல. ஒண்ணை அணைச்சா இன்னொண்ணும் அணையும் சம்பந்தி, பார்த்துக்கங்க." எல்லோரும் சிரித்தார்கள். தென்றலுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு இன்று வரை மறக்கவில்லை.

அவள் வேதியியல் முதுகலை. ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்டதில் ஒன்றே ஒன்றுதான் அவளுடைய சுபாவத்தோடு ஒட்டிக்கொண்டது. பார்க்காத அளவை எழுதக் கூடாது. கீர்த்தனா பிரிந்து வந்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும்; ஆனால் அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாததை எப்படி எழுதுவது? எழுதாமல் மணமானவர் என்று பொய் போடுவது எப்படி?

அன்று காலை செழியன் பேசினான்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"ஒரு கட்டம் பாக்கி."

"எது?"

"எங்கண்ணனோடது."

"கீர்த்தனா கோச்சிங் எப்படிப் போவுது?" என்றான்.

"நல்லாப் போவுது."

"ம். உனக்கு எது சரின்னு படுதோ போடு. நான் கையெழுத்து போடறேன்" என்று வைத்துவிட்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றை வாயைத் திறந்து கேட்கிற பாரம், வீட்டிலேயே கூச்சம் அதிகமான அவள் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அண்ணனிடம் கேட்பது கொஞ்சம் சுலபம் என்று நினைத்து, மதியம் அடி அண்ணாமலைக்கு பஸ் ஏறினாள்.

காசி வாசலில் குட்டி யானை வண்டியில் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டிருந்தான். செங்கம் ரோட்டு வாடகை அறைகளுக்கெல்லாம் கேன் போடுகிறவன் அவன்தான்.

"இன்னா பாப்பா, சொல்லாம கொள்ளாம?"

"ஒண்ணு கேக்கணும்ணா."

"கேளு. அதைப் புடிச்சுக்கினே கேளு."

கேனின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கேள்வி வரவில்லை. இன்னொரு கேன் ஏறியது. அதற்கும் வரவில்லை. கடைசியில் போனை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். காசி ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான்.

"என் பேர் இருக்குது. பக்கத்துல ஒண்ணுமில்லையே?"

"அதான்ணா. இன்னா போடட்டும்?"

அவன் போனைத் திருப்பித் தந்தான். "கல்யாணம் ஆனவன்னே போட்டுடேன். உன் வேல முடியட்டும்."

"பொய்யின்னு தெரிஞ்சா அஞ்சு வருஷம் விடமாட்டாங்க."

"அவ்ளோ கணக்கா பார்ப்பானுங்களா?" காசி வண்டியின் பின்கதவில் உட்கார்ந்தான். "இந்தத் தெருவுல ஒருத்தரும் கேக்கல. அந்தக் கோடியிலர்ந்து கேக்கறான் பாரு."

சிரிக்க நினைத்துச் சிரிப்பு வராமல் தலையைச் சொறிந்தான்.

"சண்டையாண்ணா?"

"சண்டை போட்டிருந்தாத்தான் சமாதானம் ஆயிருப்போமே. நான் குடிச்சேனா, அடிச்சேனா? அதெல்லாம் இல்ல. அவளும் ஒரு தப்பும் பண்ணல. ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமே இல்ல, பாப்பா. சாப்பாடு ஆச்சா, கேன் வந்துச்சா. அதோட சரி. பத்து மாசம் அப்படியே ஓட்டுனோம்."

"என்னாலதான் நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கினீங்க."

"ஆமா. உனக்கும் அவங்கண்ணனுக்கும் புடிச்சிருந்திச்சு. ஒண்ணைக் கேட்டா ஒண்ணைக் குடுன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் தலையாட்டினோம். ஆட்டினது எங்க தலைதானே, நீ ஏன் கழுத்தைப் புடிச்சுக்கற?"

"அப்ப இன்னா போடட்டும்?"

"அவ இன்னா சொல்றாளோ அதைப் போடு. நான் முந்திக்கினா, அவளைத் தொரத்திட்டேன்னு ஆயிடும்."

உள்ளேயிருந்து மண்ணாங்கட்டி வந்தார். இரண்டு கையிலும் பெரிய துணிப்பைகள். தென்றலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைகளைக் கேன்களுக்கு நடுவில் வைத்து, சாயாமல் ஒரு கேனை அணைத்து நிறுத்தினார்.

"கீர்த்தனாவோட துணி. கீழ புஸ்தகம் இருக்குது. பரீட்சைக்கு வேணுமில்ல?" என்றார்.

பச்சையம்மாளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மருமகளின் துணி போனது, அப்புறம் மகள் வந்தாள்.

"அப்பா, என்னையும் இங்க வந்துடச் சொல்லுவியா?"

"உன்னை எதுக்கு?"

"பச்சையம்மாக்காவ அவங்கப்பா கூட்டுக்கினு வந்தாரே."

மண்ணாங்கட்டி தெருக்கோடியைப் பார்த்தார். பூக்காரியின் வீடு அங்கேதான்.

"தெனம் காலையில அந்தப் பொண்ணுகிட்டதான் பூ வாங்கறேன்," என்றார். "அவங்கப்பன் செஞ்சது முட்டாத்தனம். நான் பேருலதான் மண்ணாங்கட்டி."

"மேடையில சொன்னியேப்பா. வெளக்குன்னு."

"மேடையில மைக்கைக் குடுத்தா வாய் சும்மா இருக்குமா? அதையா இத்தினி நாளா மனசுல வெச்சிருந்தே?" அவர் மகளின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "போ. உன் வேலையப் பாரு. குளுருக்கு ஸ்வெட்டரு வாங்கினியா?"

வாங்கவில்லை என்று தலையாட்டினாள். எட்டு மாதமாக நெஞ்சில் குறுக்கே கிடந்த ஏதோ ஒன்று இறங்கியது. இறங்கிய பிறகுதான் அது அத்தனை கனம் என்று தெரிந்தது.

காசி அவளையும் பைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வேங்கிக்காலில் தெரு முனையிலேயே நிறுத்தினான்.

"வீடு வரைக்கும் வரலாமில்ல?"

"கேன் சூடாயிடும்."

"தண்ணிதானேண்ணா?"

"தண்ணின்னா சூடாவாதா? படிச்சவதானே நீ?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எழிலரசி கதவைத் திறந்ததும் முதலில் பைகளைப் பார்த்தாள். அந்தப் பைகள் அவளே சீர்வரிசையோடு கொடுத்தனுப்பியவை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"துணியை அனுப்பிட்டாங்களா? அப்போ உன்னை எப்பக் கூப்பிட்டுக்கறாங்களாம்?"

"கூப்பிடல அத்தை. அப்பா ஸ்வெட்டர் வாங்கினியான்னு கேட்டாரு."

"என்னது?"

"குளுருக்கு. அங்க போறதுக்கு."

எழிலரசிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பாவி மனுஷன். இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் அமாவாசையைப் பௌர்ணமி ஆக்கியிருக்க மாட்டேனே!"

அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கீர்த்தனா வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கோச்சிங் புத்தகம். எட்டு மாதத்தில் அவள் சத்தமாகச் சிரித்து இப்போதுதான் தென்றல் கேட்கிறாள்.

"அவர் வந்தாருங்களா அண்ணி?"

"முனை வரைக்கும். கேன் சூடாயிடுமாம்."

"சொல்லியிருப்பாரு," என்றாள் கீர்த்தனா. அதில் கோபம் இல்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல் இருந்தது.

தென்றல் மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். வழியெல்லாம் ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் அது கலைந்துவிட்டது.

"அண்ணி, இதுல ஒரு கட்டம். நீங்க சொன்னாத்தான் போட முடியும். நானா எதுவும் போடமாட்டேன்."

கீர்த்தனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள்.

"நீங்க பிளைட் ஏறினதுக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நான் வாயைத் தொறந்து, உங்களைக் கூப்பிட்டுக்கினு போயிட்டாங்கன்னா, எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறது? அதான் கோச்சிங் கோச்சிங்னு. அந்தப் புஸ்தகத்தை மூணு தடவ முடிச்சுட்டேங்க அண்ணி."

"நீங்க எனக்காக இருந்தீங்க. நான் உங்களுக்காக இருந்தேன்."

"நான் உங்க ரெண்டு பேருக்காகவும் ஊரெல்லாம் பொய் சொன்னேன்," என்றாள் எழிலரசி. "சொல்லுடி. அந்தப் புள்ள எவ்ளோ நேரம் கட்டத்தைத் தொறந்து வெச்சுக்கினு உக்காந்திருக்கும்?"

கீர்த்தனா புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தென்றலைப் பார்த்தாள். பக்கத்து வீடு வரை கேட்கும்படியே சொன்னாள்.

"நானும் காசியும் பிரிஞ்சுட்டோம். நான் திரும்பிப் போகப் போறதில்ல."